மூச்சை மிச்சம் பிடித்த அக்கா

"தண்ணி ஏறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார் அக்கா.

மலேசியாவில், கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் கரைக்குத் திரும்பினால், படகுத்துறையின் பலகை நம் தலைக்கு மேலே நிற்கும். சேறு அப்பிய மரப்படிகளில் ஏறித்தான் போக வேண்டும். நானும் படகோட்டியும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவோம். அக்கா ஏறமாட்டார். படகிலேயே கால் நீட்டி உட்கார்ந்து அன்றைய தாள்களை வரிசையாக அடுக்குவார், சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவுவார், அதுவும் முடிந்தால் சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று மணி நேரத்தில் கடல் உள்ளே வரும். படகு மெல்ல மெல்ல உயரும். பலகைக்குச் சமமாக வந்ததும் ஓர் எட்டு எடுத்து வைத்துக் கரையில் நிற்பார்.

"படி இருக்கே அக்கா?"

"கடலே தூக்கி விடுது. நான் எதுக்குத் தம்பி... வீணா ஏறணும்?"

நடுவில் அப்படி நிறுத்துவார். அது அவர் பேசும் அழகு என்று நினைத்திருந்தேன். அந்த நிறுத்தத்துக்காகவே சிரிப்பு வரும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. படகில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எனக்கு அக்கா. படகோட்டிக்கும் அவர் காக்காக்தான், மலாயில் அக்கா. படகோட்டி ஒரு மலாய்க்காரர், எல்லோருக்கும் பாக்சிக், மாமா மாதிரி.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நீந்தும்போது டால்பினுக்கு எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளப்பது. ஆற்றுமுகத்தில் மண்டை உருண்டையான சாம்பல் நிற டால்பின்கள் இருக்கின்றன. சும்மா மிதக்கும்போது எவ்வளவு செலவழிக்கின்றன, இரை தேடும்போது எவ்வளவு, வேகப்படகு ஒன்று பக்கத்தில் போனால் பயந்து ஓடுவதற்கு எவ்வளவு என்பதுதான் எங்கள் கேள்வி. கடலில் திரியும் டால்பினைப் பிடித்து முகமூடி மாட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அது மூச்சு விடத் தண்ணீருக்கு மேலே வந்தே ஆகவேண்டும். எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் செலவை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். உழைப்பு கூடினால் மூச்சு கூடும். ஓய்வாக இருக்கும்போதும் ஒரு பிராணி அதிகமாக மூச்சு விட்டால், அதற்குள் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். என் மேற்படிப்பு முழுவதையும் இந்த நாலு வரியில் அடக்கிவிடலாம்.

அந்த எண்ணும் வேலைதான் அக்காவுடையது.

அதற்கு அவர் வந்தது தற்செயல். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவரை, எங்களுக்குச் சாப்பாடு கட்டித் தரச் சொல்லி எங்கள் பேராசிரியர் கூட்டி வந்தார். முதல் நாளே, எண்ண வேண்டிய மாணவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் விடாமல் தொலைநோக்கியைப் பிடித்தபடி ஒரு டால்பினைப் பத்து நிமிடம் எண்ணி, "பதினெட்டு" என்றான். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"இருபத்தொண்ணு" என்றார், திரும்பாமலே.

"நீங்க பாக்கவே இல்லையே?"

"பாக்கணுமா? அதான் மூக்கச் சிந்துதே. காது கேக்கலையா ஒனக்கு?"

மறுநாள் பேராசிரியர் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். இருபத்தொன்று. அன்றிலிருந்து அக்கா எண்ணினார், மாணவன் பொட்டலம் கட்டினான்.

இந்தக் காது எப்படி வந்தது என்று கேட்டேன். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மருந்தடித்தவர் அவர். முதுகில் டாங்கி, ஒரு கையில் பம்பு, மறு கையில் குழல். மரம் ஒன்றுக்கு இத்தனை தடவை பம்ப வேண்டும் என்று அளவு உண்டு. மண்டோர் என்கிற மேஸ்திரி பார்த்துக்கொண்டே நிற்பான்.

"கொறஞ்சா மண்டோர் கத்துவான். கூடுனாலும் கத்துவான். கத்துறதுதானே அவன் வேல? அப்படி எண்ணி எண்ணி... பழகிருச்சு. தூங்கறப்பகூட ஃபேன் சுத்துறத எண்ணுவேன்."

"மூஞ்சிக்கு எதுவும் கட்டிக்கிட மாட்டீங்களா?"

"துண்டு கட்டுவோம். வேர்த்து நனைஞ்சா... அவுத்துடுவோம்."

தோட்டம் வீடமைப்பாக மாறியதும் வேலை போனது. குடியிருப்புத் தாமான் காவலுக்குப் போனார், கோழி வெட்டும் இடத்துக்குப் போனார், கடைசியில் மீன் கடை. எங்கேயும் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை என்று ஒருமுறை சொன்னார். செய் என்றார்கள், செய்தார். "இங்கதான் தம்பி, எத்தனைன்னு கேக்கறீங்க. நான் சொன்னா... அத எழுதிக்கிறீங்க." படகில் அந்த இடத்தைவிட்டுப் போகக்கூடாது என்பது மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது. பேராசிரியர் படகுத்துறைக்கு வரும் நாளில் அக்கா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாங்கள் வருவதற்கு முன்பே படகில் ஏறி உட்கார்ந்திருப்பார். தான் ஏறி இறங்குவதைப் பேராசிரியர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி முந்திக்கொண்டார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அக்கா எதையும் ஒரே தடவையில் முடித்துவிடுவார். கையெட்டும் தூரத்தில் எல்லாச் சாமானும் இருக்கும். குனிய வேண்டியது எதுவும் கீழே இருக்காது. நான் படகின் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டிருந்தால், "வீண் ஆட்டம், வீண் ஆட்டம்" என்பார். "டால்பின் ஒன்னப் பாத்தா சிரிக்கும் லா. எவ்வளவு செலவு பண்றான் பாரு, ஒரு மீனும் பிடிக்கலன்னு."

டால்பினே மீன் இல்லை, நம்மைப் போலப் பாலூட்டி என்று நான் விளக்கினேன். படித்தவன் அல்லவா, விடாமல் விளக்குவேன்.

"மூச்சு வாங்குது. பால் குடுக்குது. புள்ளைய இழுத்துக்கிட்டுத் திரியுது. அப்ப... பொம்பளன்னு சொல்லு."

பாக்சிக்குக்கு நான் இதை மலாயில் சொன்னதும் அவர் சுக்கானை விட்டுவிட்டுச் சிரித்தார்.

குட்டி டால்பின் அம்மாவின் விலாவை ஒட்டியே நீந்தும். அம்மா தண்ணீரைக் கிழித்துப் போகும்போது எழும் இழுப்பிலேயே அதுவும் போய்விடும். குட்டிக்குச் செலவு குறைவு, அம்மாவுக்குக் கூடுதல். இதை நான் சொல்வதற்கு முன்பே அக்கா கண்டுபிடித்திருந்தார். "கள்ளப்பய. அம்மா செலவுல போறான் பாரு" என்றார். பிறகு, "என் பொண்ணும்தான். இப்ப ரவாங்குல பெக்டரிக்குப் போறா. கமூட்டர் ரயில்ல போயிட்டு வர்றா. இனிமே... தனியா நீந்திக்கும்" என்றார்.

ஒருநாள் டால்பினே வரவில்லை. சேற்றுத்திட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். காற்று இல்லை. அக்கா படகின் விளிம்பில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். என் கையில் எண்ணும் கருவி சும்மா இருந்தது. அவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், எதற்கென்றே தெரியாமல் அமுக்க ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் ஆனதும் எண்ணைப் பார்த்தேன். நான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்து மறுபடியும் எண்ணினேன். அதே எண்தான் வந்தது. என்னையே எண்ணிப் பார்த்தேன். அதில் பாதிதான்.

அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"என்ன தம்பி, என்னையும் எண்ணுறியா?"

"டால்பின் வரலயே அக்கா."

"எண்ணு எண்ணு" என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

தாளின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதினேன். கரைக்கு வருவதற்குள் அடித்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். ஓய்வில் இருக்கும் ஓர் உயிர் அப்படி மூச்சு விட்டால் என்ன அர்த்தம் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தவன் நான். அன்று கரைக்கு வந்தபோது அவர் தண்ணீர் ஏறுவதற்காகக் காத்திருந்தார். நான் மேலே பலகையில் நின்று அவரைப் பார்த்தேன். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு வாரத்தில் ஒரு படிவம், எங்கள் பேச்சில் பாரம், வந்தது. வேறொரு படகில் ஒரு மாணவி மயங்கி விழுந்ததால், படகில் போகிற எல்லோரும் உடல்நிலை பற்றி எழுதித் தரவேண்டுமாம். எந்த நோய்க்காவது 'ஆம்' என்று போட்டால் டாக்டர் கடிதம் கொண்டுவர வேண்டும். அதுவரை படகு இல்லை. பேராசிரியர் இதைச் சொன்னபோது அக்கா என்னைத்தான் பார்த்தார்.

பாரம் மலாயில் இருந்தது. எழுத வேண்டியவன் நான்.

ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். எங்கள் வரிசையில் இடைநிலைப் பள்ளியைத் தாண்டியது நான் ஒருவன்தான். பதின்மூன்று வயதிலிருந்து எல்லார் வீட்டுப் பாரமும் என்னிடம்தான் வரும். ஒரு தடவை, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நாள்பட்ட இருமல் உண்டா என்ற கேள்விக்கு உண்மையாக 'ஆம்' என்று எழுதினேன். மறுவாரம் சுகாதார இலாகா ஆட்கள் வந்து அவரை வேனில் ஏற்றிப் போனார்கள். அவர் மகள் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டேன். 'ஆம்' என்று போட்டால் வீட்டுக்கு ஆள் வரும். 'இல்லை' என்று போட்டால் யாரும் வரமாட்டார்கள். எங்கள் லயத்துக்கே நோய் இல்லாமல் பல வருஷம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

படகில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் கேட்டேன்.

"இருதய நோய்?"

"இல்ல."

"இனிப்பு நீர், சக்கரை?"

"இல்ல."

"வலிப்பு?"

"ஐயோ, இல்ல."

"மூச்சுத் திணறல்?"

அதற்கு மட்டும் அக்கா நிமிர்ந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"நீயே போடு தம்பி. ஒனக்குத் தெரியாததா?"

எனக்கு அவர் சொன்னது புரிந்தது என்று நினைத்தேன். என் இடத்தைக் காப்பாற்று என்கிறார், வாயால் பொய் சொல்ல வைக்காதே என்கிறார். அது மட்டுமில்லை. அவர் போய்விட்டால் எனக்கும் ஆள் கிடையாது. ஒலிப்பதிவோடு ஒத்துப்போன காது அவருடையது மட்டும்தான். இன்னும் ஒரு பருவம் எண்ணினால் என் ஆய்வு முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். இல்லை.

"என்ன போட்ட?"

"இல்லைன்னு."

"இல்லைதானே?"

"இல்லக்கா."

அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "போதும்பா. மனசுல இருந்த பாரம் போச்சு" என்றார். மறுநாள் எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். எதற்கு என்று பாக்சிக் கேட்டதற்கு, "சும்மா லா. நல்லது நடந்தா திங்கக்கூடாதா?" என்றார். அவர் இடம் பத்திரமாகிவிட்ட சந்தோஷம் என்று நினைத்தேன். கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் பருவம் முழுக்க எண்ணினார். ஒருநாளும் தப்பவில்லை. கடைசி மாதத்தில் எண்ணிக்கையை வாயால் சொல்லாமல் விரலால் காட்ட ஆரம்பித்தார். பேசினால் டால்பின் சத்தம் கேட்கவில்லையாம். நானும் சரி என்றேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. புதன்கிழமை அவர் கைப்பேசியிலிருந்து மகள் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றாள்.

நான் போனபோது மூக்கில் குழாய். தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை லேசாக உயர்த்தினார்.

"படகு... போச்சா இன்னைக்கி?"

"போகலக்கா. காத்து."

படகு போயிருந்தது. புது மாணவி ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நல்லது" என்றார். "ஒரு வாரத்துல... வந்துடுறேன். எடத்த... வேற ஆளுக்குக் குடுத்துடாதீங்க."

நுரையீரல் இறுகிப்போய்விட்டது என்றார் டாக்டர். காய்ந்த பஞ்சு மாதிரி, இனி விரியாது. மருந்தடித்த வேலையால் இருக்குமா என்று கேட்டேன். இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் மருந்து கொடுத்து நோயின் ஓட்டத்தைக் குறைத்திருக்கலாம் என்றும் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் அல்ல, தினமும் சொல்லிப் பழகிய குரலில். பதினோராம் நாள் காலையில் அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் அவர்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடந்தது. பேராசிரியர் மாலை அனுப்பியிருந்தார். பாக்சிக் குளித்து, சொங்கோக் தொப்பி போட்டு, ஓரமாக நின்றார். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தபின் மகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். அழுது முடித்த முகம்.

"அண்ணே, ஒங்களுக்கு நன்றி சொல்லணும்."

"எனக்கு எதுக்குமா?"

"அம்மாவுக்கு ரொம்ப நாளா பயம். படி ஏறுனா வாங்கும். ஆஸ்பத்திரி போலாம்மான்னு நான் கூப்புட்டா வராது. ஏதாச்சும் இருக்குன்னு சொல்லிட்டா வேல போயிடும்ன்னு சொல்லும். போன வருஷம் ஒருநாள் நானே லீவு போட்டேன், இழுத்துக்கிட்டாவது போகணும்ன்னு. அன்னைக்கித்தான் அம்மா சொல்லுச்சு, வேணாம்மா, தம்பி பாத்துட்டான்னு."

"நான் பாத்தேனா?"

"ஆமாண்ணே. நான் கண்ண மூடியிருக்கப்ப தம்பி என் மூச்ச எண்ணிப் பாத்தான், ரெண்டு தடவ எண்ணுனான். அதுக்கப்புறம்தான் பாரத்துல 'இல்ல'ன்னு எழுதுனான். டால்பினுக்கே மூச்சு பாத்துச் சொல்றவன், எனக்குத் தப்பா எழுதுவானான்னு கேட்டுச்சு. அன்னைக்கிலேருந்து பயமே இல்லண்ணே அம்மாவுக்கு. கேசரி கிண்டுச்சு. எனக்கும் நிம்மதியாப் போச்சு. நானும் அப்புறம் ஆஸ்பத்திரின்னு கூப்புடல."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. என்னைக் குற்றம் சாட்டவும் இல்லை. நிஜமாகவே நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள். உனக்குத் தெரியாததா என்று அக்கா கேட்டது, நான் நினைத்த கேள்வியே இல்லை. அவர் என்னிடம் மறைக்கச் சொல்லவில்லை. முடிவைக் கேட்டிருக்கிறார். நான் கோடு போட்டதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

கொஞ்ச தூரத்தில் வாடகைப் பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக லோரியில் விழுந்துகொண்டிருந்தன.

"எத்தனண்ணே இருந்துச்சு?" என்று கேட்டாள். "அம்மா மூச்சு. ஒரு நிமிஷத்துக்கு."

சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். மறந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொண்ணு."

அந்த எண்ணை அவள் ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அது நல்லதாண்ணே, கெட்டதா?"

"கெட்டதும்மா" என்றேன்.